பகடை உருள்வதற்கு முன்

"லட்சக்கணக்கான வாக்குச்சீட்டுகளில் முந்நூறை எடுத்துப் பார்த்துவிட்டு, இயந்திரம் அறிவித்த முடிவு சரி என்று அமெரிக்காவில் எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய சந்தேகம் நியாயமானது.

கணிதத்தை முதலில் முடித்துவிடலாம். இந்த முறைக்கு இடர்வரம்புத் தணிக்கை என்று பெயர். பெர்க்லி பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் வகுத்த முறை இது. 2017 நவம்பரில் கொலராடோ இதை முதன்முதலாக மாநிலம் முழுவதும் நடத்தியது. இடர்வரம்பு 5 சதவீதம் என்றால், தவறான ஒருவர் வென்றதாக அறிவிக்கப்பட்டிருக்கும் நிலையில் தணிக்கை அதைத் தவறவிட அதிகபட்சம் 5 சதவீத வாய்ப்புதான் உண்டு. எடுத்த ஒவ்வொரு சீட்டையும் அதே சீட்டைப் பற்றிய இயந்திரப் பதிவோடு ஒப்பிடும் வகையில், வெற்றி வித்தியாசம் 10 சதவீதமாக இருந்தால் அறுபது சொச்சம் சீட்டுகள் போதும். 2 சதவீதமானால் முந்நூறுக்குச் சற்று மேல். மொத்த வாக்குகள் ஒரு லட்சமா, முப்பது லட்சமா என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லை. பிழைகள் தென்பட்டால் இன்னும் சீட்டுகள் எடுக்க வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால் எல்லாவற்றையும் கையால் எண்ண வேண்டும்.

இத்தனைக்கும் ஒரே நிபந்தனை, எந்தச் சீட்டும் தேர்வாகச் சமவாய்ப்பு பெற்றிருக்க வேண்டும். உள்ளூர்த் தேர்தல் அலுவலர்களின் உழைப்பு அங்கேதான் போகிறது. எந்தப் பெட்டியில் எந்தக் கட்டு, அதில் எத்தனை சீட்டு என்று ஓர் இருப்புப் பட்டியல் தயாரிக்கிறார்கள். இயந்திரம் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நகலெடுத்தால் பயனில்லை. சோதிக்கப்படுவதே இயந்திரம்தானே! ஆகவே சீட்டுகளைத் தனியே எண்ணி, வாக்களித்தவர்களின் எண்ணிக்கையோடு சரிபார்த்து, பெட்டிக்கு முத்திரையிட்டு, அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

ஒரு கட்டில் 100 சீட்டுகள் என்று பட்டியல் சொல்கிறது, உள்ளே 101 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த 101ஆவது சீட்டு எந்தக் குலுக்கலிலும் வராது. தணிக்கையின் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. மாறாக, உள்ளே 99 மட்டுமே இருந்து, 100ஆவது தேர்வாகிவிட்டால்? இங்கே கையாளும் விதி எனக்கு மிகவும் பிடித்தது. காணாமற்போன சீட்டு, அறிவிக்கப்பட்ட வெற்றியாளருக்கு எவ்வளவு பாதகமாக இருக்க முடியுமோ அவ்வளவு பாதகமானதாகக் கணக்கில் ஏறும். அலுவலகத்தின் கவனக்குறைவால் முடிவுக்கு ஒருபோதும் சாதகம் கிடைக்காது. தணிக்கை நீளும், அவ்வளவுதான்.

பட்டியலும் இயந்திரப் பதிவும் மாற்ற முடியாதபடி ஒப்படைக்கப்பட்ட பிறகே பகடை வருகிறது. கொலராடோவில் பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகப் பகடையை உருட்டி குலுக்கலுக்குத் தொடக்கமாக அமையும் இருபது இலக்க விதை எண்ணை உருவாக்குகிறார்கள். அதனுடன் 1, 2, 3 என்று வரிசை எண்ணைச் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 என்ற சார்புக்குள் (எதைக் கொடுத்தாலும் ஊகிக்க முடியாத எண்ணாக மாற்றித் தரும் கணிதச் செய்முறை) செலுத்தினால் பிரம்மாண்டமான எண்கள் வெளிவரும். அவற்றை மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் மீதி, எடுக்க வேண்டிய சீட்டின் இடத்தைச் சொல்லிவிடும். 23,416 என்று மீதி வந்தால், ஒன்றைக் கூட்டி, நூறு நூறாகக் கட்டிய அடுக்கில் 235ஆவது கட்டின் 17ஆவது சீட்டு. விதை எண்ணும் பட்டியலும் தெரிந்த எவரும் வீட்டுக் கணினியிலேயே இதைச் சரிபார்க்கலாம். வரிசை தலைகீழாகி, விதை எண் முன்பே தெரிந்திருந்தால், தேர்வாகாத சீட்டுகளின் பதிவை மட்டும் திருத்திவைக்க ஒருவரால் முடியும். இருபது முறை உருளும் பகடை அந்த வாசலை அடைத்துவிடுகிறது.

புதிய இயந்திரங்களுக்குப் பணம் ஒதுக்குவதில் அரசுகள் காட்டும் ஆர்வம், கட்டுகளை எண்ணும் ஊழியர்களுக்கு ஒதுக்குவதிலும் வேண்டும் என்பேன். 2020இல் ஜார்ஜியாவில் அதிபர் தேர்தல் வித்தியாசம் மிகக் குறுகியதாக இருந்ததால், தணிக்கைக்காக ஏறத்தாழ 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். பைடனின் வெற்றி உறுதியானது. கூடவே, ஃபிளாய்ட் கவுன்ட்டியில் முதல் எண்ணிக்கையில் சேராமல் விடுபட்ட சுமார் 2,600 சீட்டுகள் வெளிப்பட்டன. வாக்களித்தவர்களின் எண்ணிக்கையையும் எண்ணப்பட்ட சீட்டுகளையும் தேர்தல் இரவிலேயே கவனமாக ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்க வேண்டிய பிழை அது.