வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டிலும் வயர் வேலை உண்டு

"வயர்லெஸ்தானே சார், இதில் வயர் வேலை என்ன இருக்கிறது?" வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு, அறையின் சூட்டைப் பார்த்து அதை ஓட்டி நிறுத்தும் ரூம் தெர்மோஸ்டாட்டைப் புதிதாக வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. பெட்டியில் இரண்டு கருவிகள் இருக்கும். அறையில் வைப்பது பேட்டரியில் ஓடுவது, அதற்கு வயரே வேண்டாம். ஆனால் அது அனுப்பும் சிக்னலை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் பாய்லர் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மெயின்ஸ் கரண்ட் வேண்டும், அங்கிருந்து பாய்லருக்கும் வயர் போக வேண்டும். நான் பார்த்த தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஓரடி வயரில் நடந்தவை.

ரிசீவருக்குள் இருப்பது ஒரு ரிலே. சுலபமாகச் சொன்னால், சிக்னல் வந்ததும் தானே போட்டுக்கொள்ளும் ஒரு சுவிட்ச். ரிசீவரில் வயர் மாட்டும் டெர்மினல்களில் எல், என் இரண்டும் ரிசீவர் ஓடுவதற்கான லைவும் நியூட்ரலும். காம், என்.ஓ., என்.சி. மூன்றும் ரிலேயின் கால்கள்: காம் பொதுவானது; சிக்னல் வந்தால் அது என்.ஓ.வோடு சேரும், இல்லாதபோது என்.சி.யோடு சேர்ந்திருக்கும். பெரும்பாலான ரிசீவர்களில் இந்த மூன்று கால்களிலும் தானாகக் கரண்ட் இருக்காது. 'வோல்ட் ஃப்ரீ' என்பது இதைத்தான். பாய்லருக்குப் போகும் வயர்கள் காமிலும் என்.ஓ.விலும் வர வேண்டும். என்.சி.யில் மாட்டிவிட்டால் எல்லாம் தலைகீழ்: அறை குளிர்ந்தால் பாய்லர் நிற்கும், சூடானால் எரியத் தொடங்கும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பாய்லரின் தெர்மோஸ்டாட் டெர்மினல் எல்லாக் கம்பெனியிலும் ஒன்று அல்ல, ஒரே கம்பெனியின் எல்லா மாடலிலும்கூட ஒன்று அல்ல. சிலவற்றில் 230 வோல்ட் லைவ் அந்த டெர்மினல் வரை வரும், ரிலே அதை இணைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சிலவற்றில் அங்கே இருப்பது 24 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தம். இன்னும் சிலவற்றில் ஓப்பன்தெர்ம் என்ற இரண்டு வயர் டேட்டா இணைப்பு. 230 வோல்ட் வகைக்கு, ரிசீவருக்குள் 'எல்' டெர்மினலையும் காமையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது சில மேனுவல்களில் காட்டியிருக்கும் முறைதான். அதே துண்டு வயரைக் குறைந்த வோல்ட் பாய்லருக்குப் போட்டால், ரிலே மூடும் அந்த நொடியில் மெயின்ஸ் கரண்ட் நேராகக் கன்ட்ரோல் போர்டுக்குள் போகும்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். வீடியோ பார்த்து, அதில் காட்டியபடியே கவனமாகத்தான் மாட்டியிருந்தார். வீடியோவில் இருந்தது வேறு பாய்லர், அவ்வளவுதான் வித்தியாசம். தெர்மோஸ்டாட்டைக் கூட்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம், அதன் பிறகு பாய்லரின் டிஸ்ப்ளேயே வரவில்லை. போர்டு மாற்றும் வரை கைக்குழந்தையோடு குளிரில் இருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், உங்கள் பாய்லரின் இன்ஸ்டலேஷன் மேனுவலில் வயரிங் படப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒவ்வொருவரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: "தெர்மோஸ்டாட்டைக் குறைத்தாலும் பாய்லர் நிற்கவே மாட்டேன் என்கிறது." பல பாய்லர்கள் கம்பெனியிலிருந்து வரும்போதே தெர்மோஸ்டாட் டெர்மினல் இரண்டையும் இணைத்து ஒரு சிறிய லிங்க் போட்டிருப்பார்கள். அது இருக்கும் வரை பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் புதுக் கருவியை மாட்டும்போது அதைக் கழற்றியாக வேண்டும். பழைய வயர் தெர்மோஸ்டாட் இருந்த வீடுகளில் இன்னொன்று நடக்கும். அதைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். அதுவும் லிங்க்தான். போதாததற்கு, சுவருக்குள் ஒரு லைவ் வயர் யாருக்கும் தெரியாமல் இருந்துகொண்டிருக்கும். பழைய கேபிளைப் பாய்லர் முனையிலேயே கழற்றிவிடுவதுதான் சரி.

கரண்ட்டை நிறுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். பாய்லரும் ரிசீவரும் ஒரே ஃபியூஸ், கரண்ட்டை முழுதாகத் துண்டிக்கும் ஒரே ஐசோலேட்டர் சுவிட்சிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். வேறு சாக்கெட்டிலிருந்து ரிசீவருக்கு லைன் இழுத்திருந்தால், பாய்லர் சுவிட்சை அணைத்த பிறகும் அந்த வழியாக உள்ளே கரண்ட் இருக்கலாம். இதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக் கூடாது. சுவிட்சை அணைத்தபின் இரண்டு முனையுள்ள டூ போல் டெஸ்டரை முதலில் கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் வேலை செய்யும் டெர்மினலில், மறுபடி அந்தப் பழைய இடத்தில். நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். விளக்கு எரிந்து காட்டும் ஸ்க்ரூ டிரைவர் போன்ற நியான் டெஸ்டரை நம்பி நான் பாய்லருக்குள் கை வைப்பதில்லை.

வயரிங் பெட்டிக்குப் போக பர்னர் கவரைக் கழற்ற வேண்டிய மாடல் என்றால், அங்கேயே நிறுத்திவிட்டுத் தகுதி பெற்ற கேஸ் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். பல பாய்லர்களில் அந்தக் கவர்தான் எரிந்த வாயு அறைக்குள் வராமல் அடைத்து வைத்திருக்கிறது. சீல் சரியாக உட்காராவிட்டால் கார்பன் மோனாக்சைடு கசியலாம். அதற்கு வாசனையே கிடையாது.

தெர்மோஸ்டாட்டுக்கு இடம் தேர்ந்தெடுப்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரம், வெயிலும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் சூடும் நேரே படாத உள்சுவர். ரிசீவரைப் பாய்லரின் இரும்பு உடம்போடு ஒட்டி வைக்காதீர்கள், சிக்னல் குறையும். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டர் வால்வ் முழுதாகத் திறந்திருக்கட்டும். சூட்டைப் பார்த்துத் தானே மூடும் வகை வால்வ் முன்னதாகவே மூடிக்கொண்டால் அந்த அறை போதிய சூட்டுக்கு வராது, பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் மூடிய பிறகு தெர்மோஸ்டாட்டைக் கூட்டுங்கள். ரிசீவரில் 'டிக்' என்று ரிலே சத்தம் கேட்க வேண்டும், சிறிது நேரத்தில் பாய்லர் பற்ற வேண்டும். குறைத்ததும் மறுபடி ஒரு 'டிக்', பர்னர் அணையும். சுடுநீரைச் சுற்றவிடும் பம்ப் மட்டும் இன்னும் சில நிமிடம் ஓடினால் பயப்படாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் சூட்டை அது வெளியே தள்ளுகிறது, தானே நின்றுவிடும்.