கேப்டனுக்கு ஓர் உச்சரிப்பு, மெக்கானிக்குக்கு வேறு உச்சரிப்பு

1987-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் கேப்டன் பிக்கார்ட், கதைப்படி பிரான்சில் பிறந்தவர். வாயைத் திறந்தால் வருவது இங்கிலாந்து நாடக மேடையின் ஆங்கிலம். அதே விண்கப்பலில், ஆட்களை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஓ’பிரையன் அயர்லாந்துக்காரர். அவர் பேச்சில் டப்ளின் அப்படியே இருக்கிறது. மொழிபெயர்ப்புக் கருவி ஒன்று பேச்சை மாற்றித் தருவதால்தான் பிக்கார்டிடம் பிரெஞ்சு வாடை இல்லை என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வதுண்டு. இருக்கட்டும். அந்தக் கருவிக்கு லீட்ஸ் ஆங்கிலமோ கிளாஸ்கோ ஆங்கிலமோ டெக்சஸ் ஆங்கிலமோ கிடைக்கவில்லையா? கேப்டன் என்றதும் மேட்டுக்குடி ஆங்கிலத்தையே ஏன் தேடிப் பிடித்தது?

நடிகர்களுக்கு உச்சரிப்புப் பயிற்சி தரும் தொழிலில் இருப்பவர்கள் சைஃபை தொடர்களைக் கூடுதல் கவனத்தோடு கேட்பது இதனால்தான். லண்டனில் நடக்கும் போலீஸ் கதையில் திருடன் காக்னி (கிழக்கு லண்டன் உழைப்பாளிகளின் பேச்சு) பேசினால், ‘அந்தப் பேட்டை அப்படி’ என்று தப்பித்துக்கொள்ளலாம். முந்நூறு வருடம் கழித்து, இல்லாத கிரகம் ஒன்றில் நடக்கும் கதைக்கு அந்தச் சாக்கு கிடையாது. யாருக்கு எந்த உச்சரிப்பு என்பது முழுக்க எழுதியவரும் காஸ்டிங் செய்தவரும் நடித்தவரும் எடுத்த முடிவு. பல நேரம் எடுத்தோம் என்றே தெரியாமல் எடுத்த முடிவு. வர்க்கம் பற்றி நாம் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்பது அங்கேதான் பிடிபடும்.

முதலில் ஆர்.பி. ‘ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்’ என்ற இந்த உச்சரிப்பு, ஆள் எந்த ஊர் என்று காட்டாது. எந்த மாதிரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று காட்டிவிடும். பிரிட்டனில் இதைப் பேசுவோர் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான் என்பது மொழியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் கணக்கு. ஆனாலும் பிபிசி வானொலியின் குரல் அதுவாகத்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தபோது, நேயர்களில் ஒரு பகுதியினர் முகம் சுளித்தார்கள். செய்தி அதே செய்தி. காதுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பழக நாலைந்து ஒலிகள் போதும். ஆர்.பி.யில் ‘பஸ்’ என்பதன் உயிர்ஒலியும் ‘புட்’ என்பதன் உயிர்ஒலியும் வேறு வேறு. வட இங்கிலாந்தில் இரண்டும் ஒன்று, ‘பஸ்’ கிட்டத்தட்ட ‘புஸ்’ என்று வரும். குளியலுக்கான சொல் தெற்கே ‘பாத்’ என நீளும், வடக்கே ‘பத்’ எனக் குறுகும். காக்னியில் ‘ஹவுஸ்’ தலையிழந்து ‘அவுஸ்’ ஆகும். ‘திங்க்’ ‘ஃபிங்க்’ ஆகும். ‘வாட்டர்’ நடுவிலுள்ள டகரம் தொண்டைக்குள் அடைபடும். ஆர்.பி.யில் ‘கார்’ என்பதன் கடைசி ரகரம் ஒலிக்காது, ஸ்காட்லாந்தில் நன்றாக உருளும். இவற்றில் எதுவும் அறிவுக்கோ பதவிக்கோ அளவுகோல் அல்ல. ஆனால் திரையில் இந்த ஒலிகளைச் சம்பளப் பட்டியல்படி பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்திருக்கிறது.

‘டாக்டர் ஹூ’ 1963-இல் தொடங்கியது. அதன் நாயகன் ‘டாக்டர்’ ஒரு வேற்றுக்கிரகவாசி; அவ்வப்போது உருவம் மாறுவதால் நடிகர்களும் மாறுவார்கள். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் லண்டனின் ஏழ்மையில் வளர்ந்தவர். நான்காமவர் டாம் பேக்கர் லிவர்பூல்காரர். இருவருமே திரையில் பேசியது மெருகேற்றிய ஆர்.பி. 1987-இல் வந்த சில்வெஸ்டர் மெக்காயிடம் மட்டும் ஸ்காட்லாந்து லேசாக எட்டிப் பார்த்தது. 2005-இல் தொடர் மறுபடி வந்தபோது சால்ஃபர்டைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் எக்கிள்ஸ்டன் தன் வட இங்கிலாந்து உச்சரிப்போடே நடித்தார். வேற்றுக்கிரகவாசியான நீ எப்படி வடக்கத்திக்காரன் மாதிரி பேசுகிறாய் என்று முதல் எபிசோடிலேயே அவருடைய தோழியாகப் போகும் ரோஸ் கேட்கிறாள். நிறைய கிரகங்களுக்கு வடக்கு உண்டு என்கிறார் அவர். வசனத்தைப் பலரும் ஜோக்காக ரசித்தார்கள். கேள்வியைத்தான் கவனிக்க வேண்டும்: அதற்கு முந்தைய டாக்டர்களைப் பார்த்து, ‘வேற்றுக்கிரகவாசி எப்படி ஆர்.பி. பேசுகிறான்’ என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்து வந்த டேவிட் டென்னன்ட் ஸ்காட்லாந்துக்காரர், ஆனால் தென் இங்கிலாந்து உச்சரிப்புக்கு மாறிக்கொண்டார். பின்னால் டாக்டரான இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் பீட்டர் கபால்டி மாறவில்லை. ஜோடி விட்டேக்கரும் யார்க்‌ஷயரை விடவில்லை.

இன்ஜினியர்கள் கதை இன்னும் வேடிக்கை. 1966 ‘ஸ்டார் ட்ரெக்’கில் கப்பல் இன்ஜினியர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் கனடாக்காரர். தேர்வின்போது பல உச்சரிப்புகளைப் பேசிக் காட்டி, கப்பல் இன்ஜினியர் என்றால் ஸ்காட்லாந்துக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். கிளைட் நதிக்கரையில் கப்பல் கட்டிய கிளாஸ்கோவின் வரலாற்றை நினைத்தால் அது அபத்தமான யோசனை இல்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: ஸ்காட்டிக்குப் பிறகு, அதே வரிசைத் தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ விண்வெளி நிலையத்தில் பழுது பார்ப்பவர் அதே ஐரிஷ் ஓ’பிரையன், 2001-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் ‘என்டர்பிரைஸ்’ தொடரின் தலைமை இன்ஜினியர் டக்கர், அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சோடு வருகிறார். கையில் எண்ணெய் படிகிறவருக்கு ஊர் உண்டு, நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவருக்குப் பெரும்பாலும் ஊர் கிடையாது. ஒவ்வொரு பாத்திரமும் தனித்தனியே பார்த்தால் அன்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. சிக்கல் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

பழைய ‘ஸ்டார் ட்ரெக்’கில் வரும் செகோவ் வேறு வகைப் பிழை. ரஷ்யரான அவர் ஆங்கிலத்தின் ‘வி’ வர வேண்டிய இடங்களில் உதட்டைக் குவித்து ‘டபிள்யூ’ ஒலியைப் போடுவார். உண்மையில் ரஷ்ய மொழியில் பல்லும் உதடும் தொடும் ‘வி’ ஒலி இருக்கிறது. இல்லாதது ‘டபிள்யூ’ ஒலி. ஆக, ரஷ்யருக்கு வரக்கூடிய தடுமாற்றம் நேர் எதிர்த் திசையில்தான் வரும். சிரிப்புக்காகப் போடும் உச்சரிப்பு பேசுகிறவரின் வாயிலிருந்து பிறப்பதில்லை, கேட்கிறவரின் நினைப்பிலிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் தேட வேண்டாம்.

ஒரு தொடரை இந்தக் கண்ணோட்டத்தில் சோதிக்க, முதல் எபிசோடின் முதல் பத்து நிமிடத்தைத் திரையைப் பார்க்காமல் கேளுங்கள். குரல்களை மட்டும் வைத்து, இவர் உத்தரவிடுபவர், இவர் கீழ்ப்படிபவர், இவர் வில்லன், இவர் சீக்கிரம் சாகப் போகிறவர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு படத்தோடு பார்த்து எத்தனை சரி என்று பாருங்கள். பெரும்பாலும் சரியாக வந்தால், உச்சரிப்பே சீருடையாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுத்து, பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: கதைப்படி பிறந்த இடம், பதவி, திரையில் பேசும் உச்சரிப்பு, நடிகரின் சொந்த உச்சரிப்பு. மூன்றாம் கட்டம் முதல் கட்டத்தோடு ஒத்துப்போகிறதா, இரண்டாம் கட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. நான்காம் கட்டத்தை விட்டுவிடக் கூடாது. நடிகர் தன் குரலையே பேசுகிறார் என்றால் அது ஒரு முடிவு. மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் யாரை மாற்றச் சொன்னார்கள், யாரை விட்டார்கள் என்பது இன்னொரு முடிவு. ‘ஸ்டார் வார்ஸ்’ கதையுலகின் ‘ஆண்டோர்’ தொடரில் டியேகோ லூனா தன் மெக்சிகன் உச்சரிப்போடே நாயகனாக நடிக்கிறார். அந்தக் கதையுலகில் பேரரசின் அதிகாரிகளுக்குப் பிரிட்டிஷ் மேட்டுக்குடிக் குரல் கொடுப்பது 1977 முதல் படத்திலிருந்தே வரும் வழக்கம் என்பதால், அந்த முரண் திட்டமிட்டதுபோலவே கேட்கிறது.

வர்க்கத்தைத் தெரிந்தே கையாண்ட தொடர்களும் உண்டு. ‘ரெட் டுவார்ஃப்’ (1988) கப்பலின் கடைசிப் படி ஊழியனான லிஸ்டருக்கு லிவர்பூல் பேச்சைக் கொடுத்து, அவனைவிட ஒரே ஒரு படி மேலே இருக்கும் ரிம்மரின் பந்தாவை அதன்மேல் மோதவிட்டது. ‘ஃபயர்ஃபிளை’யின் (2002) ‘ஷிண்டிக்’ எபிசோடில், வசதியான கிரகத்தில் வளர்ந்த ரிவர் என்ற பெண், கள்ளச்சந்தைக்காரன் பேட்ஜரிடம் அவனுடைய உச்சரிப்பிலேயே திரும்பப் பேசி அவனை வாயடைக்கச் செய்வாள். தன் ஊர்க்காரி என்று அவன் நம்பிவிடுகிறான். இரண்டு நிமிடக் காட்சி, ஆனால் உச்சரிப்பு ஒரு நுழைவுச் சீட்டு என்பதை வகுப்பெடுக்காமல் காட்டிவிடுகிறது.

இந்த விஷயத்தில் அதிக ஆழம் போனது 2007-இல் ஒளிபரப்பான ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வின் ‘டர்ட்டி ஹேண்ட்ஸ்’ எபிசோடு. எரிபொருள் சுத்திகரிப்புக் கப்பலில் தொழிலாளர்கள் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பன் செய்த வேலை பிள்ளைக்கு என்றாகிவிடுமோ என்ற பயம். சிறையில் இருக்கும் விஞ்ஞானி பால்டரை, தொழிலாளர் தரப்பில் நிற்கும் டைரல் பார்க்க வருகிறார். அதுவரை மூன்று சீசன்களாக நாகரிகமான குரலில் பேசிவந்த பால்டர், தான் ஏரிலான் என்ற விவசாயக் கிரகத்துப் பிள்ளை என்றும், சிறுவயதிலேயே பேச்சைக் கஷ்டப்பட்டு மாற்றிக்கொண்டதாகவும் சொல்லிவிட்டு, பழைய பேச்சைப் பேசிக் காட்டுவார். நடிகர் ஜேம்ஸ் காலிஸ் அங்கே எடுப்பது யார்க்‌ஷயர் சாயல். உயிர்ஒலிகள் குறுகும், தாடை இறுகும், ஏற்ற இறக்கம் தட்டையாகும். அந்த ஆளின் கர்வம், பயம், மேலிடத்தின் மீதிருந்த ஏக்கம் எல்லாம் பத்துப் பதினைந்து நொடியில் புரிந்துவிடும். ஒரு குறையும் உண்டு: அவர் கற்றுக்கொண்டது காப்ரிக்கா கிரகத்தின் உச்சரிப்பு என்கிறார்கள், ஆனால் அதே கிரகத்தைச் சேர்ந்த மற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க ஆங்கிலம் பேசுகிறார்கள். ஆங்கிலேயரான ஜேமி பாம்பர்கூட அமெரிக்கராகப் பேசித்தான் நடித்தார். உலகத்தைக் கட்டும்போதே உச்சரிப்பு வரைபடம் போடாவிட்டால் பின்னால் இப்படித்தான் இடிக்கும்.

வரைபடம் போட்டுத் தொடங்கியது ‘தி எக்ஸ்பான்ஸ்’ (2015). சிறுகோள் பட்டையில் தலைமுறைகளாகக் கூலி வேலை செய்யும் மக்களுக்காக மொழியியலாளர் நிக் ஃபார்மர் ஒரு கலப்பு மொழியை உருவாக்கினார். உச்சரிப்புப் பயிற்சியாளர் எரிக் ஆர்ம்ஸ்ட்ராங் அதை நடிகர்களின் வாயில் உட்கார வைத்தார். மொழியை உருவாக்கியதைவிட, அதை எல்லோருக்கும் ஒரே அளவில் ஊற்றாமல் விட்டதுதான் இதில் பெரிய விஷயம். பட்டையில் பிறந்த நவோமி தன் கப்பல் தோழர்களிடம் பேசும்போது பட்டைப் பேச்சு மெலிதாக இருக்கும். சொந்த சனங்களிடம் போனால் தடிக்கும். பூமிக் கம்பெனிக்காகப் போலீஸ் வேலை பார்க்கும் பட்டைக்காரர் மில்லருக்கு அது இன்னும் குறைவு, துரோகி என்ற பட்டமும் வாங்குகிறார். அடித்தட்டு என்றால் ஒரே குரல் என்ற சோம்பேறித்தனம் அங்கே இல்லை.

எழுதுகிறவர்களுக்கும் நடிக்கிறவர்களுக்கும் சில வேலைக் குறிப்புகள். வசனத்தில் எழுத்துகளை வெட்டி ‘கொச்சை’ காட்டாதீர்கள். பாத்திரக் குறிப்பில் ‘இன்ன இடத்தில் பிறந்தவர், இத்தனை வயதில் வெளியேறியவர், யாரிடம் பேச்சை மாற்றுவார்’ என்று மூன்று வரி எழுதினால் போதும். ஒரு காட்சியில் உச்சரிப்பை மட்டும் வைத்துச் சிரிப்பு வருகிறதா என்று பார்க்க, அதே வசனத்தை ஆர்.பி.யில் படித்துப் பாருங்கள். சிரிப்பு காணாமல் போனால் அங்கே ஜோக் எழுதப்படவில்லை, ஒரு மக்கள் கூட்டத்தைத்தான் கேலி செய்திருக்கிறீர்கள். நடிகர்கள் பத்து ஒலிகளை ஒரேயடியாகப் பிடிக்கப் போய், கோபக் காட்சியில் எல்லாவற்றையும் கோட்டை விடுவார்கள். மூன்று உயிர்ஒலி, ஒரு மெய்ஒலி, வாக்கிய முடிவில் குரல் ஏறுமா இறங்குமா என்பது, யோசிக்கும்போது வாய் தானாகப் போடும் ஒலி: இவ்வளவில் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்காட்லாந்துக்காரர் தயங்கும்போது ‘ஏ’ என்று இழுப்பார். தென் இங்கிலாந்துக்காரரின் தயக்கம் ‘அ’ பக்கம் நிற்கும். அந்த ஒரு ஒலி சரியானால் நாக்கும் தாடையும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடும்.

கேட்டுப் பழகிய காது டிவியை அணைத்த பிறகும் அதே காதுதான். வர்க்க ஏற்றத்தாழ்வைக் குறைக்க உழைக்கும் பிரிட்டிஷ் அறக்கட்டளையான சட்டன் டிரஸ்ட் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, பிரிட்டனில் உச்சரிப்புகளுக்கு மக்கள் கொடுக்கும் தரவரிசை பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை என்று காட்டியது: ஆர்.பி. மேலே, பர்மிங்காம் போன்ற தொழில் நகரங்களின் பேச்சு கீழே. அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்பளிக்கும் ஒன்பது அடிப்படைகளில் வர்க்கமும் இல்லை, உள்நாட்டு வட்டார உச்சரிப்பும் இல்லை. நம்பிக்கை தரும் ஒரு விஷயம்: அந்த ஆய்வாளர்களின் சோதனைகளில், உச்சரிப்பை வைத்து எடைபோடும் பழக்கம் நமக்கு உண்டு என்ற சின்னக் குறிப்பை முன்கூட்டியே படித்தவர்களிடம் அந்தச் சாய்வு குறைந்தது. காஸ்டிங் அறையின் மேஜையிலும் அப்படி ஒரு தாளை வைக்கலாம், செலவில்லை.

சப்டைட்டில் எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ‘வடக்கு உச்சரிப்பில்’ என்று சிலருக்கு மட்டும் அடைப்புக்குறி போடுவதும், மேட்டுக்குடிக் குரலுக்கு எதுவும் போடாமல் விடுவதும் நியாயமில்லை. போட்டால் எல்லோருக்கும் போடுங்கள். ஆனால் பால்டர் சிறையில் பேச்சை மாற்றும் இடம்போல, மாற்றம்தான் காட்சியே என்றால் கட்டாயம் குறிப்பிடுங்கள். காது கேளாத பார்வையாளருக்கு அந்த அடைப்புக்குறி இல்லாவிட்டால், அங்கே ஒருவர் சும்மா பேசிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.