டப்பாவில் இருந்ததும் மரத்தில் இருந்ததும்

போன அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் காய் வாங்கிய பையோடு ஒரு ஆயா நேராக என் அறைக்கு வந்தார். எழுபதைத் தாண்டியவர், பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். கூடவே ஆறு வயதுப் பேரன். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஊதா மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பெர்ரி பவுடர், மகளே. ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்காம். காலையிலே ஒரு ஸ்பூன் போதுமாம்."

விலையைக் கேட்டேன். அவருடைய ஓய்வூதியத்தில் கால்வாசி. சரி, மாத்திரை?

"அதை நிறுத்திட்டேன். ரெண்டும் சேரக் கூடாதுன்னு விக்க வந்த பொண்ணு சொல்லிச்சு."

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 17.8, இங்குள்ள மில்லிமோல் கணக்கில். இந்தியாவின் மில்லிகிராம் கணக்கில் சொன்னால் 320. அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பி, மாத்திரையைத் திரும்பத் தொடங்க வைத்தோம்.

சாட்ஸ்வொர்த்தில் உணவு ஆலோசகராக இருக்கும் எனக்கு இப்படி வந்தவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. நம் இந்திய வம்சாவளியில் சர்க்கரையும் இதய நோயும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பது டர்பனில் எந்தக் குடும்பத்துக்கும் தெரியும். அந்தப் பயத்தைக் காசாக்குகிறார்கள். அதனால்தான் பெர்ரிப் பழங்களைப் பற்றி விவரமாகவே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்த டப்பாவின் பின்பக்கம் 'ஓராக்' என்று ஓர் எண் பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒரு பொருள் சோதனைக் குழாயில் ஆக்ஸிஜனேற்றத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் கணக்கு அது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் உணவுப் பொருள்களுக்கு இந்த எண்ணைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 2012இல் அந்தப் பட்டியலைத் தானே எடுத்துவிட்டது. குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு இல்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே காரணம். எடுத்து இத்தனை வருடமாகியும் டப்பாக்களில் அந்த எண் இன்னும் ஓடுகிறது.

நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகிறதல்லவா, அது காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை. நம் உடம்புக்குள்ளும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. உணவை எரித்துச் சக்தியாக்கும்போதே ஃப்ரீ ராடிக்கல் என்னும் நிலையில்லாத மூலக்கூறுகள் உண்டாகின்றன. புகைபிடித்தாலும், ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தாலும் அவை பெருகி ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுக்கும். ஆனால் இவற்றை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நினைப்பது தப்பு. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு இவற்றைத்தான் ஆயுதமாக எடுக்கின்றன. மிஞ்சியதை அடக்குவதற்குக் குளுட்டாதயோன், கேட்டலேஸ் என்று உடம்பே சொந்தமாகச் சில ஆன்டிஆக்ஸிடன்ட்களைச் செய்து வைத்திருக்கிறது.

வெளியிலிருந்து அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லோரும் புகைபிடிப்பவர்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் பெற்ற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட்டைத் தின்று யாருக்கும் அப்படி ஆனதில்லை.

அப்படியானால் பெர்ரியில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதை அன்றைக்கு எனக்குக் காட்டியது பேரனின் சட்டை.

வசந்தம் வந்தால் இந்த நாட்டுப் பிள்ளைகள் ஷூ டப்பாவில் பட்டுப்புழு வளர்ப்பார்கள். புழுவுக்கு இலை பறிக்க ஏறுகிறவர்கள் மல்பெரிப் பழத்தை விட்டுவைப்பார்களா? அவன் வெள்ளைச் சட்டை முழுக்க ஊதாக் கறை. ஆயா ஒரு முனையைச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்த்திருக்கிறார், அந்த இடம் மட்டும் நீலமாக மாறியிருந்தது. என் மேசையில் தேநீருக்கு வைத்திருந்த எலுமிச்சைத் துண்டை அதன்மேல் பிழிந்தேன். நீலம் போய்ச் சிவப்பாயிற்று. பையன் வாயைப் பிளந்தான்.

புளிப்பில் சிவந்து, சோப்பு போன்ற காரப் பொருளில் நீலமாகும் இந்தச் சாயத்துக்கு ஆன்தோசயனின் என்று பெயர். ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி, மல்பெரி, நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல், ஊதா முட்டைக்கோஸ் எல்லாவற்றுக்கும் நிறம் கொடுப்பது இந்தக் குடும்பம்தான். சாப்பிட்டால் இதில் கொஞ்சம்தான் அப்படியே ரத்தத்தில் சேரும். மீதி பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் உடைத்துச் சிறு சிறு பொருள்களாக உள்ளே அனுப்புகின்றன. அவை ரத்தக் குழாயின் உட்சுவரை இளக்கமாக வைக்க உதவுகின்றன என்பதுதான் இன்றைய புரிதல். ஃப்ரீ ராடிக்கலை நேரே போய்ப் பிடித்து அழிக்கும் கதையைவிட இது நம்பகமானது.

அமெரிக்காவில் 93,600 செவிலியர்களை 18 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. ஆன்தோசயனின் அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களாக இருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. 2019இல் இங்கிலாந்தில், சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழி வைக்கும் உடல்நிலை உள்ள 138 பேரைச் சேர்த்து ஆறு மாதம் சோதித்தார்கள். தினம் 150 கிராம் ப்ளூபெர்ரிக்குச் சமமான அளவு பெற்றவர்களுக்கு ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்தன. 75 கிராம் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. அப்புறம், நம் ஆயாவுக்கு முக்கியமான செய்தி: இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடம்பு சரியாக மசியாத நிலை, யாருக்கும் குறையவில்லை. ஆய்வுக்குப் பணம் தந்ததில் ப்ளூபெர்ரி விவசாயிகளின் சங்கமும் உண்டு. அப்படியிருந்தும் சர்க்கரைக்கு மருந்து என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

நாவலுக்கும் இதே கதைதான். பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கிளிபென்கிளமைடு என்னும் சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கியது, தேநீர் குடித்தவர்களுக்கு இறங்கவில்லை. நாவல்பழத்தைப் பழமாக ஆசையோடு சாப்பிடுங்கள். உப்பையும் மிளகாய்த்தூளையும் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், பிரஷர் உள்ளவர்களுக்கு அந்த உப்புதான் எமன்.

கடையில் ப்ளூபெர்ரி 125 கிராம் டப்பாவில் வருகிறது. தினம் ஒன்று வாங்க இங்கே எத்தனை குடும்பத்தால் முடியும்? முடியாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. குளிர்காலத்தில் ரோட்டோரம் விற்கும் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஸ்ட்ராபெர்ரியில் 60தான். டர்பன் கடற்கரையில் முள்வேலியாக நிற்கும் அமாதுங்குலு, ஊரில் நம் முன்னோர் ஊறுகாய் போட்ட களாக்காய்க்கு உறவு. நன்றாகச் சிவந்து கனிந்த பழத்தை மட்டும் சாப்பிடலாம். காயையும் இலையையும் வாயில் வைக்காதீர்கள். ரோட்டோரச் செடியில் பறித்தால் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழச்சாறு வேண்டாம் என்பதில் நான் கண்டிப்பு. 2018 ஏப்ரலில் வந்த சர்க்கரை வரி முழுப் பழச்சாற்றுக்குக் கிடையாது என்பதால், அதில் சர்க்கரையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கோப்பைத் திராட்சைச் சாற்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, கிட்டத்தட்ட ஒன்பது தேக்கரண்டி. நார்ச்சத்தோ வடிகட்டியில் தங்கிவிடுகிறது.

கிரான்பெர்ரி விஷயம் தனி. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது மறுபடி வருவதைக் கொஞ்சம் குறைக்கும். வந்துவிட்ட தொற்றுக்கு டாக்டர் கொடுக்கும் மருந்துதான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கிரான்பெர்ரிச் சாற்றையோ மாத்திரையையோ டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம், ரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஆயா கிளம்பும்போது கேட்டேன், பையன் எந்த மரத்தில் ஏறினான் என்று.

"நம்ம வீட்டுப் பின்னாலேதான். தரையெல்லாம் கொட்டிக் கெடக்கு, கூட்டி அள்ளிப் போடுறேன்."

மறுநாளிலிருந்து அள்ளிப் போட வேண்டாம் என்றேன். மரத்தைக் குலுக்கி, விரித்த போர்வையில் விழுவதைப் பொறுக்கி, கழுவி ஈரம் போக உலர்த்தி, ஒரு தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறைய வைக்க வேண்டும். உறைந்த பிறகு ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டி ஃப்ரீசரில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது, நிறமும் சத்தும் பெரிதாகக் குறையாது. காலையில் ஒரு கைப்பிடி, சர்க்கரை சேர்க்காத தயிரோடு. மாத்திரையை அதற்கு முன்னால்.

ஜனவரியில் திரும்பி வந்தார். சர்க்கரை 9.1. ஊதா மூடி டப்பாவில் இப்போது கடுகு போட்டு வைத்திருக்கிறாராம்.