சின்ன அறையைத் தூக்கிப் பார்க்கும் கரிசல்

திருமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு மோட்டார் ரூம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு, ஆறு இஞ்ச் ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம். ஸ்டார்ட்டர் பெட்டி, உர மூட்டை, கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் அதற்குள்தான். கட்டி ஒரு வருசம் முடிவதற்குள் ஒரு மூலையில் விரிசல் விட்டது. நேர்கோடாக இல்லை. பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள கலவையைப் பிடித்துக்கொண்டு ஒரு படி மேலே, ஒரு படி பக்கவாட்டில் என்று மாடிப்படி மாதிரியே ஜன்னல் வரை ஏறியிருந்தது.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போதே கொத்தனாரிடம் கேட்டேன், “ரெண்டடி ஆழம் போதுமாண்ணே?”

“மோட்டார் ரூமுதானே தம்பி, இதுக்குப் போயி எதுக்கு அம்புட்டு ஆழம்? மேல மாடியா எடுக்கப் போறீக?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கனமில்லாத கட்டடத்துக்கு ஆழமான அஸ்திவாரம் எதற்கு? மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் என்றால் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். கரிசலில் கணக்கு தலைகீழ்.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்றொரு களிமண் கனிமம் நிறைய உண்டு. அது புத்தகத் தாள் போல ஏடு ஏடாக அமைந்தது. தண்ணீர் பட்டால் ஏடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும், மண் ஊதும். காய்ந்தால் ஏடுகள் நெருங்கும், மண் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காலைப் பிடித்து இழுக்கும் அதே மண்தான் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்து, கைவிட்டால் முழங்கை வரை உள்ளே போகிறது. இப்படி ஏறி இறங்கும் மண் மேலேதான் சுவர் நிற்கிறது.

இப்போது பாரத்துக்கு வருவோம். பத்தடி உயர ஹாலோ பிளாக் சுவரில் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்து நிறுத்தால் ஏறக்குறைய 700 கிலோ இருக்கும். தகரக் கூரையின் எடையைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஒன்றரை அடி அகல அஸ்திவாரத்தில் இதைப் பரப்பினால், மண்மேல் விழும் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன். நல்ல கரிசல் ஊதும்போது மேல்நோக்கித் தரும் அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு. மாடி வீடு என்றால் தன் கனத்தாலாவது மண்ணைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிக்கும். மோட்டார் ரூமுக்கு அந்தத் தெம்பு இல்லை; மண் தூக்கினால் எழும், விட்டால் இறங்கும். கரிசல் காட்டில் பெரிய வீட்டைவிட மாட்டுக் கொட்டகையும் காம்பவுண்டுச் சுவரும் முதலில் வெடிப்பது இதனால்தான்.

சுவர் முழுவதும் ஒரே அளவு எழுந்தால்கூடப் பரவாயில்லை. அறைக்கு நடுவிலுள்ள மண் தரைக்கு அடியில் மூடிக் கிடப்பதால் ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஓரத்து மண் வெயிலில் காயும். மூலைக்கோ இரண்டு பக்கமும் வெயில், இரண்டு பக்கமும் மழை. அதனால் மூலைதான் அதிகம் ஆடும். மூலை மட்டும் இறங்கும்போது சுவர் குறுக்கே இழுபடுகிறது. பிளாக்கைவிடக் கலவை பலம் குறைந்தது என்பதால் விரிசல் அதன் வழியாகவே போகிறது. மாடிப்படி வந்த கதை இதுதான்.

அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரநிலை (எண் IS 1904), எந்தக் கட்டடமானாலும் தரைமட்டத்துக்குக் கீழே 50 செ.மீ. ஆவது போகச் சொல்கிறது. அந்த அளவில் பார்த்தால் எங்கள் ரெண்டடி பாஸ். ஆனால் கரிசலில் பருவத்துக்குப் பருவம் மண் அசைவது 1.5 மீட்டரிலிருந்து 3.5 மீட்டர் ஆழம் வரை போகலாம். நாங்கள் நிறுத்தியது ஆடுகிற மண்ணின் நடுவில்.

சின்ன அறைக்காக ஐந்தடிக்குக் கீழே போவதா என்றால், அடியில் குமிழ் வைத்த குட்டைத் தூண்களை இறக்கி, மேலே கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் போட்டுச் சுவரை அதில் உட்கார வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. குமிழ், அசையாத மண்ணுக்குள் மாட்டிக்கொண்டு மேலே எழவிடாமல் பிடிக்கும். அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால், வானத்தில் வந்த கரிசலை மறுபடி உள்ளே தள்ளாமல் மணலோ சரளையோ போட்டு நிரப்பி, தரைமட்டத்தில் நாலு கம்பி பெல்ட்டையாவது சுற்றிவர ஓட்ட வேண்டும். பெல்ட் மண்ணை நிறுத்தாது, நாலு சுவரையும் சேர்ந்தே ஏறி இறங்க வைக்கும். வெளியே மூன்றடி அகலத்துக்குச் சரிவாகத் தளம் போட்டால் ஓரத்து மண் நனைவதும் காய்வதும் மட்டுப்படும். நிழலுக்கு என்று சுவரை ஒட்டி நான் வைத்த வேப்பங்கன்று தப்புத்தான். கோடையில் மண்ணின் மிச்ச ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும்.

எங்கள் பின்சுவரில் இன்னொரு விரிசல், இது நெட்டுக்குத்தாக பிளாக்கையே பிளந்துகொண்டு இறங்கியிருக்கிறது. அதில் மண்ணுக்குப் பங்கில்லை. சிமெண்டு பிளாக் காயக் காயச் சுருங்கும். பிளாக்குக்கான தரநிலை IS 2185 அனுமதிக்கும் சுருக்கம் 0.06 சதவீதம். கேட்கச் சின்னதுதான், பன்னிரண்டு அடிச் சுவரில் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதற்காகத்தான் பிளாக்கை 14 நாள் ஈரத்திலேயே வைத்து இறுகவிட்டு, பிறகு நாலு வாரம் காயவிட்டு அப்புறம் கட்டச் சொல்கிறார்கள். சுருங்குவதெல்லாம் களத்திலேயே சுருங்கட்டும் என்று. எங்களுக்கு வந்த லோடு தொட்டால் கையில் ஈரம் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. போதாக்குறைக்குக் கொத்தனார் அதைத் தொட்டியில் வேறு முக்கி எடுத்தார். செங்கல் கட்டிய கை அப்படித்தான் செய்யும். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும், நனைக்காமல் கட்டினால் ஒட்டாது. பிளாக் அந்த அளவுக்குக் குடிக்காது. வெயில் கடுமையாக இருந்தால் கலவை படும் பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். கலவையிலும் சிமெண்டை அள்ளிப் போடக் கூடாது, ஒன்றுக்கு ஆறு போதும். கலவை ரொம்பக் கெட்டியாகிவிட்டால் சுவர் சுருங்கும்போது அது விட்டுக்கொடுக்காது, பிளாக்தான் உடையும்.

ஊருக்குள் வீட்டு மனையில் கட்டுகிறவர்களுக்கு இடத்தின் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடத்தில் மோட்டார் அறைக்கு இடம் கொடுக்கின்றன, ஆனால் 2 சதுர மீட்டர் பரப்பு, 1.8 மீட்டர் உயரத்துக்குள். அதாவது நாலுக்கு அஞ்சு, ஆறடிக்குள் கூரை. வாடகைக்கு விட ஆசை வராத அளவு. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் முன்கூட்டியே இடத்தைப் பார்க்க அதிகாரி வருவதில்லை என்பதால் உங்கள் மனையில் கரிசலா செம்மண்ணா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

லேசாக இருப்பதன் தொல்லை கூரையிலும் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், தகரம் எம்மாத்திரம். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்கு 17 கிலோ அழுத்தம் தரும். தகரத்தின் எடை 5 கிலோதான். கூரைக்கு மேலே ஓடும் காற்று உறிஞ்ச, திறந்த கதவு வழியாக நுழைந்த காற்று கீழிருந்து தள்ள, தகரம் எழும்பப் பார்க்கும். காற்றுப் பாரத்துக்கான தரநிலை IS 875 மதுரைக்குக் குறித்திருக்கும் அடிப்படை வேகம் நொடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் எங்கள் கூரை மேல் வரும் இழுப்பு ஒரு டன்னை நெருங்கும். கூரைப் பைப்பை மேல் வரிசை பிளாக்கில் மட்டும் போல்ட் போட்டுவிட்டால், 15 கிலோ பிளாக்கும் சேர்ந்தே கிளம்பும். ஹாலோ பிளாக்கின் ஓட்டை இங்கேதான் உதவுகிறது. மூலைகளில் ஓட்டைகளை நேராக அடுக்கி, கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் பெல்ட்டிலிருந்து கம்பியை ஏற்றி, கான்கிரீட் ஊற்றிக் கூரைப் பைப்பை அதில் கட்டிவிடலாம். இதை மட்டும் நாங்கள் சரியாகச் செய்தோம்.

படிக்கட்டு விரிசலை இன்னும் பூசவில்லை. அசைகிற விரிசலில் சிமெண்டு அடைத்தால் அது பக்கத்தில் புதுவழி பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, இடைவெளி. பங்குனியில் 4 மி.மீ. இருந்தது, கார்த்திகையில் ஸ்கேல் நுனிகூட நுழையவில்லை. இந்தப் பங்குனியில் மறுபடி 4.