பத்து சென்டிமீட்டர் தூரம், ஒரு மாத நடை

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நான்காம் படிவ மாணவன் ஒருவன் கேட்டிருக்கிறான். “சார், ஒன்றரை லிட்டர் போத்தலில் சீனியும் ஈஸ்ட்டும் கலந்து மீன் தொட்டிக்குக் கரிவளி (கார்பன் டைஆக்சைடு) விடுகிறேன். குமிழியெல்லாம் நேராக மேலே போய் உடைந்துவிடுகிறது. அப்புறம் செடிக்கு என்ன போய்ச் சேரும்? தொட்டி என் படுக்கையறையில் இருக்கிறது. ராத்திரியில் கரிவளி ஆளைக் கொன்றுவிடும், போத்தலை வெளியே வை என்று அம்மா சத்தம் போடுகிறார். உண்மையா?”

இரண்டும் நல்ல கேள்விகள். அம்மாவைக் கடைசியில் பார்ப்போம்.

ஆப்ப மாவில் கள் ஊற்றிப் புளிக்கவைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குப் போத்தலுக்குள் நடப்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் சீனியைத் தின்று பாதியைச் சாராயமாகவும் பாதியைக் கரிவளியாகவும் வெளியே தள்ளுகிறது. 200 கிராம் சீனி முழுவதும் கரைந்து நொதித்தால் ஏட்டுக் கணக்குப்படி சுமார் 100 கிராம் கரிவளி கிடைக்கும். நம் ஊர்ச் சூட்டில் அது ஏறக்குறைய 55 லிட்டர் வாயு. நடைமுறையில் அவ்வளவு வராது. தான் காய்ச்சிய சாராயத்திலேயே ஈஸ்ட் மயங்கி, கடைசிச் சீனியைத் தொடாமல் செத்துப்போகும். குளிர் தேசங்களில் ஒரு போத்தலை மூன்று நான்கு வாரம் ஓட்டுகிறார்கள். ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டில் எந்தப் போத்தலும் இரண்டு வாரத்தைத் தாண்டியதில்லை. ஈஸ்ட்டுக்கு இந்த வெக்கை பிடித்திருக்கிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை.

எலுமிச்சை உப்பையும் சோடா மாவையும் கலந்து செய்கிறவர்களும் உண்டு. அதில் வாயு வேண்டியபோது திறந்து வேண்டாதபோது மூடலாம், ஆனால் அழுத்தம் ஏறும். நல்ல வால்வு இல்லாமல் அந்தப் பக்கம் போகாதே, தம்பி. எந்த முறையானாலும் குளிர்பானப் போத்தலையே எடு. அடியில் ஐந்து இதழ்போலக் குழிந்திருக்கும் அந்த வடிவமே அழுத்தம் தாங்கத்தான். குடிநீர்ப் போத்தல் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

சரி, செடிக்கு வருவோம்.

தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு ஏன் தனியாகக் கரிவளி தரவேண்டும்? தண்ணீரில் கரிவளி குறைவு என்றுதான் பலரும் பதில் சொல்வார்கள். நானும் பல ஆண்டு வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றைய காற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் முக்கால் மில்லிகிராம் கரிவளி இருக்கிறது. அந்தக் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில், நம் ஊர் வெப்பநிலையில், அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஒரே அளவு! சன்னலோரத்துக் கறிவேப்பிலைக்கும் தொட்டிக்குள் இருக்கும் செடிக்கும் தட்டில் விழுவது ஏறக்குறைய ஒரே சோறு. ஒன்று கொழிக்கிறது, மற்றொன்று வாடுகிறது. ஏன்?

அளவு பிரச்சினையில்லை, நடைதான் பிரச்சினை. கரிவளி மூலக்கூறு காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு.

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் சாலையில் நின்றிருந்தால் இது உடனே புரியும். மற்ற நாளில் பத்து நிமிடத்தில் நடந்துவிடும் தூரம் அது. அன்றோ நீங்கள் நடப்பதேயில்லை, உங்களைத் தள்ளுகிறார்கள். முன்னே ஓர் அடி, காவடிக்கு வழிவிட இடப்பக்கம் ஓர் அடி, பின்னாலிருந்து வரும் மோர்ப்பந்தல் கூட்டத்தில் வலப்பக்கம் இரண்டடி, மறுபடி பின்னே. திரும்பிப் பார்த்தால் கிளம்பிய தண்ணீர்ப்பந்தல் இன்னும் அருகிலேயே நிற்கும். தண்ணீருக்குள் கரிவளியின் நிலை இதுதான். நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் நெருக்கியடித்து நிற்க, அது இலக்கே இல்லாமல் இடிபட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நடையின் கணக்கு விசித்திரமானது. தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிக்காது, நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு.

துளியும் அசையாத தண்ணீரில் ஒரு கரிவளி மூலக்கூறு அரை மில்லிமீட்டர் கடக்கச் சுமார் ஒரு நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டர் கடக்க ஏழு மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மாதம். காற்றில் அதே 10 சென்டிமீட்டரை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும்.

“என் தொட்டியில் ஃபில்டர் ஓடுகிறதே, தண்ணீர் அசைகிறதே” என்பாய். அசைகிறது, ஆனால் இலையின் மேல் அசைவதில்லை. ஓடும் நீர் எதுவாக இருந்தாலும், தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பை ஒட்டிய மெல்லிய படலம் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்புச் சட்டியைக் குழாயடியில் வேகமாக அலசினாலும் எண்ணெய்ப் பிசுக்கு போகாமல், விரலால் தேய்த்தால்தான் போகிறதே, அதற்கு இந்தப் படலமும் ஒரு காரணம். இலையைச் சுற்றி இது சில சமயம் அரை மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். தொட்டி முழுக்க ஃபில்டர் சுமந்துவந்த கரிவளி, இலையின் வாசலுக்கு வந்ததும் இறங்கி, கடைசி அரை மில்லிமீட்டரை அந்தத் தைப்பூச நடையில்தான் கடக்கவேண்டும். இலைக்குள்ளே ருபிஸ்கோ என்ற நொதி காத்திருக்கிறது. அது வேறு ஒரு மந்தப் பேர்வழி. ஒரு வினாடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும், கரிவளி வரத் தாமதமானால் உயிர்வளியை (ஆக்சிஜனை) தவறாகப் பிடித்துக்கொண்டு திண்டாடும்.

இந்தப் படலத்தை நம்மால் ஒழிக்க முடியாது. ஆனால் இரண்டு காரியம் செய்யலாம். தண்ணீரை இலைமேல் சற்று வேகமாக ஓடவிட்டால் படலம் மெலியும். அல்லது படலத்துக்கு வெளியே கூட்டத்தைப் பெருக்கலாம். ஒவ்வொருவரும் மெதுவாகத்தான் நகர்வார்கள், ஆனால் வாசலில் நிற்பவர் 40 மடங்கானால் நிமிடத்துக்கு உள்ளே போய்ச் சேருபவரும் 40 மடங்கு. லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலாக இருந்ததை 25 மில்லிகிராமாக ஏற்றினால் அதுதான் நடக்கிறது. உன் சீனிப் போத்தலின் வேலை இவ்வளவுதான். அது கரிவளியின் நடையை வேகப்படுத்துவதில்லை, வாசலில் நெரிசலை உண்டாக்குகிறது.

60 லிட்டர் தொட்டியில் அந்த நெரிசலுக்கு எவ்வளவு வேண்டும்? 1.5 கிராம். போத்தல் தருவதோ 100 கிராமை நெருங்கும். மிச்சமெல்லாம் நீர்ப்பரப்பு வழியாக அறைக்குள் தப்பிப்போகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் நிறுத்துவது மாதிரிதான், விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதனால்தான் மேற்பரப்பைக் கொந்தளிக்கவிடாதே என்கிறேன். நீரோட்டம் செடிக்கு வேண்டும், நீர்வீழ்ச்சி வேண்டாம்.

இப்போது அந்த உடையும் குமிழி. மேலே போய் உடைவது நீ விட்ட குமிழியே அல்ல என்றால் நம்புவாயா? குழாய் முனையில் அது ஏறக்குறைய முழுக்கக் கரிவளி. ஏற ஏற, உள்ளேயிருக்கும் கரிவளி தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது. அதே நேரம் தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் நைட்ரஜனும் உயிர்வளியும் குமிழிக்குள் நுழைகின்றன. கிளம்பும்போது ஓர் ஆள், போய்ச் சேரும்போது வேறோர் ஆள். நேரம் போதுமான அளவு கிடைத்தால் மேலே உடைவதில் பெரும்பங்கு சாதாரணக் காற்றுதான்.

அந்த நேரத்தைக் கொடுப்பதுதான் வித்தை. 4 மில்லிமீட்டர்க் குமிழி ஒன்றை 0.4 மில்லிமீட்டர்க் குமிழிகளாக நொறுக்கினால் ஆயிரம் கிடைக்கும். மொத்தப் பரப்பு பத்து மடங்காகும், ஏறும் வேகமும் குறையும். இதற்குப் பீங்கான் வில்லை கடையில் விற்கிறார்கள். நான் வாங்கியதில்லை. சீனர் மீ (நூடுல்ஸ்) கடையில் தரும் மரச் சாப்ஸ்டிக்கில் இரண்டு அங்குலம் நறுக்கிக் குழாய் முனையில் இறுக்கிச் செருகிவிடுவேன். முதலில் ஒன்றும் வராது. சில மணி நேரம் கழித்து, குச்சியின் நுனியிலிருந்து புகைபோல வெண்மையாக ஒரு சரம் கிளம்பும். அவ்வளவு பொடிக் குமிழிகள். மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீர் ஏற்றிய நுண்குழாய்கள் வழியாகத்தான் அவை வருகின்றன. செத்த மரம் இன்னொரு செடிக்குச் சோறு ஊட்டுவதை இப்படிக் கண்ணால் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. குச்சி இரண்டு மூன்று வாரத்தில் வழவழத்துப்போகும், மாற்றிவிட வேண்டும். அதை ஒருமுறை மறந்தேன், அந்தக் கதை கடைசியில்.

பள்ளிக்கூடச் சோதனையில் புனலுக்குள் கவிழ்த்தோமே ஹைட்ரில்லா, அதற்கு இந்த உபசாரமெல்லாம் தேவையில்லை. அதன் இலை இரண்டே செல் கனம். கரிவளி கிடைக்காவிட்டால் நீரிலிருக்கும் பைகார்பனேட்டை உடைத்துத் தின்னத் தெரியும். நம் தீபகற்பத்துக் காட்டு ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் வேறு ரகம். மண்ணுக்கடியிலிருந்து ஊறிவரும் ஓடைநீரில் கரிவளி காற்றோடு சமநிலையில் இருப்பதைவிடப் பலமடங்கு இருக்கும், அங்கே போத்தல் தேவையில்லை. இங்கே ஒரு வயிற்றெரிச்சல். நான் கடையில் வாங்கிய கிரிப்டோகோரைன் கிண்ணத்தில் டென்மார்க் என்று ஒட்டியிருந்தது. நம் ஓடைச் செடி ஐரோப்பாவில் திசு வளர்ப்பில் பெருகி, விமானத்தில் ஏறி, வெள்ளி எண்ணி வாங்கும் சரக்காக நம் ஊருக்கே வருகிறது. உடனே காசாகும் ஆய்வுக்கு மட்டும்தான் நிதி என்றால் ஓடையில் குந்தி உட்கார்ந்து செடி எண்ணுபவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஓடை செம்பனைத் தோட்டமான பிறகு எண்ணவும் ஒன்றும் இருக்காது.

கரிவளி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய நீலத்திலிருந்து பச்சைக்கு மாறும் புரோமோதைமோல் திரவக் குப்பி இருக்கிறது. தொட்டிக்குள் தொங்கவிடலாம். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. ஆனால் செடியே சொல்லும். விளக்குப் போட்டு நான்கைந்து மணி நேரத்தில் இலை விளிம்புகளில் ஊசிமுனை அளவு வெள்ளி மணிகள் கோக்கத் தொடங்கும். தண்ணீர் கொள்ளும் அளவுக்கு உயிர்வளி கரைந்துவிட்டது, இனி இடமில்லை, மிச்சம் குமிழியாக நிற்கிறது என்று பொருள்.

இதே மணிகளைத்தான் 1779இல் டச்சு அறிஞர் யான் இங்கன்ஹவுஸ் நீரில் அமிழ்த்திய இலைகளில் கண்டு, வெயிலில் வருகின்றன, இருட்டில் வருவதில்லை என்று குறித்தார். அவருக்குச் சற்று முன்னால் ஆங்கிலேய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி. 1767இல் லீட்ஸ் நகரில் மதுவடிக்கும் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியேறியவர். நொதிக்கும் தொட்டிமேல் மிதந்த கரிவளியைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார், சோடாத் தண்ணீர் பிறந்தது. 1771இல், மெழுகுவத்தி எரிந்து அணைந்த கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. நொதிப்பு, நீரில் கரைந்த கரிவளி, செடி மூன்றையும் கையில் வைத்திருந்தவர், மூன்றையும் ஒரே குழாயில் கோக்கவில்லை. நீ கோத்துவிட்டாய்.

இனி அம்மா. இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்றார்கள் அந்தக் காலத்தில். பிறகு படித்தவர்கள் வந்து, பேயில்லை, மரம் விடும் கரிவளிதான் அமுக்குகிறது, முன்னோர் அறிவியல் அறிந்தே சொன்னார்கள் என்றார்கள். எனக்கென்னவோ பேய்க் கதையே தேவலை என்று தோன்றும், அதுவாவது அறிவியல் வேடம் போடவில்லை. திறந்த வெளியில் மரம் இரவில் விடுவது யாரையும் அமுக்காது. ஒரு மனிதன் மூச்சில் விடும் கரிவளி நாளொன்றுக்குச் சுமார் 1 கிலோ. உன் போத்தல் இரண்டு வாரம் முக்கி முக்கி விடுவதை நீ இரண்டரை மணி நேரத்தில் விட்டுவிடுகிறாய். போத்தலைவிட அறையில் படுக்கும் நானே பெரிய தொழிற்சாலை என்று அம்மாவிடம் சொல்.

மீனுக்கு அப்படியில்லை. விளக்கு அணைந்ததும் செடியும் உயிர்வளியைக் குடித்துக் கரிவளியை விடும். ஈஸ்ட்டுக்குப் பகலிரவு தெரியாது, அது பாட்டுக்கு ஊதும். சுற்றியுள்ள நீரில் கரிவளி நிறைந்துவிட்டால் மீனின் இரத்தத்திலிருப்பது செவுள் வழியே வெளியேற முடியாது. ஒரு விடியற்காலை என் டெட்ரா மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து, இரவில் சாப்ஸ்டிக் முனையை எடுத்து வெளியே தொங்கவிட்டு, காற்றுப் பம்பைப் போட்டுவிடுவேன். குழாயை மடித்துக் கட்டி மட்டும் நிறுத்தாதே.

ஏனென்றால் நான் மறந்த அந்தக் குச்சி, உப்பி அடைத்துக்கொண்டு ஏறக்குறைய அதையேதான் செய்தது. இரவு இரண்டு மணிக்கு மூடியில் ஒட்டியிருந்த குழாய் பிடுங்கிக்கொண்டது. சுவரில், திரைச்சீலையில், சலவைக்கு மடித்த துணியில் எல்லாம் புளித்த நுரை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா அறைக்குள்ளிருந்து எழுந்து வந்து, மூக்கை இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, “யாருடா வீட்டுக்குள்ளே கள்ளுக்கடை திறந்தது?” என்றார். ஆக, தம்பி, உன் அம்மா சொன்ன காரணம் தப்பு. போத்தலைப் படுக்கையறையிலிருந்து வெளியே வைத்துவிடு.