வயதான பந்தயக் குதிரையின் ரேட்டிங் ஏன் இறங்குகிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு, தோட்டத்து ஆடு மாடுகளோடு ஈப்போ பக்கத்துப் பந்தயக் குதிரைகளைப் பார்க்கும் வேலையும் உண்டு. நாலைந்து நண்பர்கள் கூட்டுச் சேர்ந்து குதிரை வாங்குவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி சிங்கப்பூர் கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் முடிந்ததையொட்டி அங்கிருந்த குதிரைகள் பல மலேசியாவுக்கு வந்தன. கொஞ்சம் வயதான குதிரை விலை குறைவாகக் கிடைக்கிறது என்று முதல்முறையாக வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "டாக்டர், ரேட்டிங் இறங்கிக்கிட்டே போவுது. இன்னும் வெச்சுக்கலாமா, இல்ல தள்ளி விட்றலாமா?"

ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஹேண்டிகேப் கணக்கு, அதாவது வேகமான குதிரைக்கு எடையைக் கூட்டிப் போட்டியைச் சமமாக்கும் முறை. ஹேண்டிகேப்பர் என்ற அதிகாரி ஒவ்வொரு ஓட்டத்தையும் பார்த்துக் குதிரைக்குத் தரும் எண்தான் ரேட்டிங். எந்த கிளாஸில் (தரப் பிரிவில்) ஓடலாம், முதுகில் எவ்வளவு எடை என்பதையெல்லாம் அந்த எண்தான் தீர்மானிக்கும். கிலோ கணக்கில் எடை போடும் நாடுகளில் பொதுவாக ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 70 ரேட்டிங் உள்ள குதிரை 60 ரேட்டிங் உள்ள குதிரையோடு ஓடினால் ஐந்து கிலோ அதிகம் சுமக்கும். 1600 மீட்டர் ஓட்டத்தில் ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு குதிரை நீளம் என்று வைத்துப் பாருங்கள், ஐந்து கிலோ எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது புரியும்.

வயதுக்கேற்ற எடை அட்டவணை என்று ஒன்றும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அட்மிரல் ரூஸ் ஒழுங்குபடுத்தியது. வளர்ந்து முடியாத இளம் குதிரைகளுக்கு அதில் எடைச் சலுகை உண்டு. ஐந்து வயதுக்கு மேல் ஒரே கணக்குதான், எட்டு வயதுக் குதிரைக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஆகவே முதுமைக்குக் கிடைக்கிற ஒரே நிவாரணம் ரேட்டிங் இறங்குவதுதான். வென்றால் ரேட்டிங் ஒரே தாவில் ஏறிவிடும், தோற்றால் ஒன்றிரண்டு புள்ளியாக மெல்லத்தான் இறங்கும். உச்சத்தில் வாங்கிய ரேட்டிங் ஏழு வயதுக் குதிரையின் உண்மையான வேகத்துக்கு வந்து சேரப் பல ஓட்டங்கள் ஆகும். உரிமையாளர்கள் பொறுமை இழப்பது இந்த இடைவெளியில்தான். அடிக்கடி ஓட வைத்துச் சீக்கிரம் இறக்கிவிடலாம் என்று நினைப்பார்கள். நல்ல குதிரைகள் கெட்டுப்போவதை நான் அதிகம் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

குதிரையின் வேகம் நான்கு, ஐந்து வயதில் உச்சத்துக்கு வருகிறது. அதற்குப் பிந்திய இறக்கம், ஏறி வந்த வேகத்தைவிட மெதுவானது. உடம்பு சரியாக இருந்தால், கீழ் கிளாஸில், குறைந்த எடையில் இன்னும் சில ஆண்டுகள் கௌரவமாக ஓடலாம். இங்கிலாந்தின் ரெட் ரம் என்ற குதிரை 1974-இல் சுமார் 76 கிலோ சுமந்து, தடை தாண்டி ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. அதுவும் ஹேண்டிகேப் ஓட்டம்தான். 1977-இல் பன்னிரண்டு வயதில் மறுபடியும் வென்றபோது முதுகில் இருந்தது சுமார் 73.5 கிலோ. குளம்பு எலும்பில் நோய் இருந்த குதிரை அது. கடற்கரை மணலில் பயிற்சி கொடுத்தே அதை அந்த வயது வரை கொண்டுவந்தார்கள். எடையும் குறைய வேண்டும், காலையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

ரேட்டிங் ஒரேயடியாகச் சரிந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். மூன்று ஓட்டத்துக்கு முன்பு நன்றாக ஓடிய குதிரை இப்போது கடைசி 300 மீட்டரில் நின்றுவிடுகிறது என்றால் அது முதுமை கிடையாது. முதுமை அவ்வளவு அவசரமாக வராது.

நம் நாட்டில் நான் முதலில் சந்தேகப்படுவது வெயிலை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வரும் குதிரைகளில் சில இந்தப் புழுக்கத்தில் நாளாக ஆக வியர்ப்பதையே நிறுத்திவிடும். குதிரைக்கு உடம்புச் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழியே வியர்வை. அது நின்றால் கொஞ்சம் ஓடினாலே உடல் கொதிக்கும். வேலை முடித்து வந்தபின் மற்ற குதிரைகள் நனைந்து நிற்க, இது மட்டும் பிடரிக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் லேசாக ஈரமாகி, மற்ற இடமெல்லாம் உலர்ந்து நிற்கும். மூக்கு விரிந்து நெடுநேரம் மூச்சிரைக்கும். முகத்தில் முடி உதிரும். இதை லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ் பார்த்துவிடுவார். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. மருத்துவர் தோலில் சின்ன ஊசிச் சோதனை செய்து உறுதிப்படுத்தலாம். நிச்சயமான மருந்து என்று எதுவும் இல்லை. விடியுமுன் பயிற்சி, லாயத்தில் விசிறி, வேலை முடிந்த உடனே குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றுவது, உப்புச்சத்து சரியாகக் கொடுப்பது என்று கவனித்தால் சில குதிரைகள் தேறும். தேறாததைப் பகல் வெயிலில் ஓட்டுவது கொடுமை.

அடுத்தது கால். முன்னங்காலின் பின்புறம் ஓடும் தசைநாண்தான் வயதான குதிரையின் பலவீனமான இடம். முழு வேகத்தில் அது தாங்கக்கூடிய எல்லை வரை இழுபடுகிறது. வயது ஏற ஏற உள்ளே நார் நைந்துகொண்டே வரும், வெளியே ஒன்றும் தெரியாது. கிழிந்துவிட்டால் ஆற ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். ஆறினாலும் பழையபடி ஆகாது. மரப்பட்டையைக் கடந்து ஆழமாக வெட்டிவிட்ட பால்மரத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வருமே, அப்படித்தான் இங்கேயும். தழும்பு பிடிக்கும், பழைய நீட்சி வராது.

"இடது கால் கொஞ்சம் சூடா இருக்கு டாக்டர்" என்று ஒரு சைஸ் காலையில் சொன்னால், அன்றைக்குப் பயிற்சியை நிறுத்தி ஸ்கேன் எடுங்கள். நொண்டல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கையில் இருக்கும் அனுபவத்தை நான் எந்தக் கருவியைவிடவும் குறைவாக மதிப்பதில்லை.

நுரையீரலில் ரத்தம் கசிவதும் வயதோடு கூடும், ஓட்டம் முடிந்தபின் எண்டாஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்தால் தெரியும். வயிற்றுப் புண் பயிற்சியில் இருக்கும் பெரும்பாலான குதிரைகளுக்கு உண்டு, பல்லையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். புண்ணும் பல்லும் எளிதாகச் சரிசெய்யக் கூடியவை.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஒன்றுதான். வலியால் ரேட்டிங் இறங்கிய குதிரைக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, ஊசிக்குப் பின் ஓடக் கூடாத நாள்கள் முடிந்ததும் கீழ் கிளாஸில் இறக்குவது. கிளாஸ் லேசு, எடை குறைவு, வலியும் மறைந்திருக்கிறது. அது வெல்லவும் கூடும். ரேட்டிங் ஏறும், அடுத்த முறை அதிக எடை, அதே மூட்டு. தடுமாறி விழுந்தால் மேலே ஒரு ஜாக்கியும் இருக்கிறார். திரும்பத் திரும்பப் போடும் ஊசி குருத்தெலும்பையும் அரிக்கும். டிரெய்னர் ஊசி என்று சொன்னால் எந்த மூட்டுக்கு, எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று கேட்பது உங்கள் உரிமை, நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.

ஓட்டங்களுக்கு இடையே இடைவெளி விடுவதில் தயக்கம் வேண்டாம். 2008-இல் கிராஞ்சியில் சர்வதேச ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூர ஓட்டத்தை வென்ற ஆஸ்திரேலியக் குதிரை டேக்ஓவர் டார்கெட், முழங்கால் தொல்லை இருந்ததால் ஒரு டாக்சி ஓட்டுநருக்கு மலிவாகக் கிடைத்தது. 2004 முதல் 2009 வரை ஓடியது 41 ஓட்டம், வென்றது 21. ஆண்டுக்குச் சராசரி ஏழு ஓட்டம்தான். அதே சமயம் மாதக்கணக்கில் சும்மா நிறுத்திவிட்டு திடீரென்று வேகப்பயிற்சிக்குக் கொண்டுவருவதும் ஆபத்து. ஓய்வில் எலும்பு தளர்ந்துவிடும், மறுபடி உறுதிப்பட வாரங்கள் பிடிக்கும். வயதான குதிரைக்கு நடை, நீச்சல், மெல்லோட்டம் என்று தொடர்ந்து லேசான வேலை இருக்க வேண்டும்.

இங்கே ஓடுபவற்றில் பெரும்பாலானவை விதை நீக்கியவை, இனப்பெருக்கத்துக்கு அனுப்ப முடியாது. குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும். எட்டு வயதில் ஓட்டம் நின்றால் பாக்கி ஆண்டுகளுக்குத் தீனியும் லாயமும் யார் தருவது என்பதைக் கூட்டுச் சேரும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காலோடு ஓய்வு பெறும் குதிரையைச் சவாரிப் பள்ளிகள் விரும்பி எடுக்கும், நொண்டியை எடுக்கத் தயங்கும்.

இப்போது ஏழெட்டு வயதுக் குதிரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இரண்டு முன்னங்கால்களின் ஸ்கேன் படத்தையும் கடைசி ஓராண்டில் போட்ட ஊசிகளின் விவரத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் குதிரையை விட்டுவிடுங்கள். தந்தால், அதன் ரேட்டிங் ஏறி இறங்கிய வரலாற்றையும் பக்கத்தில் வைத்து ஒரு குதிரை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மாதம் சரிந்தது, அந்த மாதம் காலில் என்ன நடந்தது என்று அவர் பொருத்திப் பார்த்துச் சொல்வார்.