நேவிகேஷன் புரோங்கோஸ்கோப்பி: தமிழில் எப்படிச் சொல்வது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். போன வாரம் மருத்துவமனைக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்தார். "தம்பி, நெஞ்சுல நிழல் தெரியுதாம். நேவிகேஷன் வச்சு உள்ள போய்ப் பாக்கணுமாம். கார்ல போடுற வேஸ் மாதிரியா?"

ஆமாம், கார் ஓட்டுகிறவருக்கு வழி சொல்லும் அந்தக் கைப்பேசிச் செயலி போலத்தான், கிட்டத்தட்ட.

முதலில் புரோங்கோஸ்கோப்பி, மூச்சு வழிக்குள் கருவி விட்டுப் பார்ப்பது. கிரேக்கத்தில் புரோங்கோஸ் என்றால் மூச்சுக்குழாய், ஸ்கோப்பெயின் என்றால் உற்றுப் பார்ப்பது. 1897இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர் வளையாத குழாயை உள்ளே விட்டு, ஒருவரின் மூச்சு வழியில் சிக்கிய எலும்புத் துண்டை எடுத்தார். 1960களில் ஜப்பானின் ஷிகெத்தோ இக்கெடா, வளைந்து போகும் கண்ணாடியிழைக் கருவியைக் கொண்டுவந்தார்.

இதை 'மூச்சுக்குழாய் உள்நோக்கல்' என்று எழுதுவதுண்டு. எனக்கு அதில் ஒரு குறை. மூச்சுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இறங்கும் தண்டுதான். அது இரண்டாகப் பிரிந்த பிறகு வருவதைத்தான் இன்றைய மருத்துவம் புரோங்கஸ் என்கிறது. அது மேலும் மேலும் பிரிந்து, ஏறத்தாழ 23 முறை கிளைக்கிறது. தலைகீழாக நிற்கும் மரம்! ஆகவே மூச்சுக்கிளை என்பதே பொருத்தம். மரத்தோடு வாழ்ந்தவருக்குச் சொன்னதும் விளங்கும்.

அப்புறம் நேவிகேஷன். லத்தீனில் நாவிஸ் என்றால் கப்பல், அகெரே என்றால் ஓட்டுவது. நம்மிடமும் நாவாய் இருக்கிறது. புறநானூற்றின் 66ஆம் பாட்டு கரிகாலனின் முன்னோரைப் பாடும்போது 'நாவாய் ஓட்டி' என்றே சொல்கிறது. அடுத்த அடியிலேயே வளி, அதாவது காற்று வருகிறது. மூச்சு வழியில் கருவி ஓட்டும் ஒரு சிகிச்சைக்குப் பெயர் தேடும்போது இதைப் படித்தால் மனம் துள்ளாமல் இருக்குமா? நாவாய்க்கும் நாவிசுக்கும் உள்ள உறவு பற்றி அறிஞர்கள் ஒரே கருத்தில் இல்லை. பொருள் மட்டும் அப்படியே ஒட்டுகிறது. ஆனால் 'நாவாய் ஓட்டல்' என்று நோயாளியிடம் சொன்னால் குழம்பிப் போவார். வழிகாட்டலும் போதாது, திரையில் தெரியும் படத்தின் வேலை அது மட்டும்தான். கருவியைத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோகிறவர் மருத்துவர். அதற்கு வழிசெலுத்தல் சரி.

எப்படி நடக்கிறது? முதலில் சிடி ஸ்கேன். அதன் மெல்லிய அடுக்குப் படங்களிலிருந்து கணினி மூச்சுக்கிளைகளின் முப்பரிமாண வரைபடத்தை உருவாக்குகிறது. ஒரு முறையில், நெஞ்சைச் சுற்றிக் காந்தப்புலம் அமைப்பார்கள். மெல்லிய குழாயின் நுனியிலுள்ள உணர்வி தான் எங்கே இருக்கிறது என்பதைத் திரையில் காட்டும். எந்த நிரையில் எத்தனையாவது மரம் என்று இருட்டிலேயே போய் நிற்கும் பால்மரம் வெட்டுகிறவரைப் போல. ஒரு சிக்கல் உண்டு. மூச்சை இழுத்துப் பிடித்து எடுத்த படம் வேறு, மேசையில் மயக்கத்தில் சுருங்கி விரியும் நுரையீரல் வேறு. அதனால் சேர்ந்துவிட்டோமா என்பதை நுனியில் அல்ட்ராசவுண்டு வைத்தோ, அங்கேயே எக்ஸ்ரே எடுத்தோ சரிபார்க்கிறார்கள்.

அந்த இடத்தில் சோதனைக்குச் சிறிது சதை எடுப்பதுதான் நோக்கம். வெளியிலிருந்து ஊசி குத்தியும் அதை எடுக்கலாம். ஆனால் நுரையீரலிலிருந்து காற்று கசியும் ஆபத்து அதில் அதிகம். 2025இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஊசி வழியில் 28.3 விழுக்காட்டினருக்கு அப்படி ஆனது. மூச்சுக்கிளை வழியில் 3.3 மட்டுமே. இதே வழியில் அறுவை மருத்துவருக்காகச் சாயம் இட்டு அடையாளம் வைக்கலாம், கதிர்வீச்சுக்குக் குறி பதிக்கலாம். வெப்பத்தால் சுட்டு அழிக்கும் முறையும் ஆராயப்படுகிறது.

கடைசியில் லேஷன், அந்த நிழல் போன்றவற்றுக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர். லத்தீனில் காயம் என்று பொருள். புண் என்றால் மருந்து போட்டு ஆற்றுவதாகிவிடும். கட்டி என்றால் உடனே புற்றுநோய் என்று வீடே அழும். பழைய டிபி விட்ட தழும்பும் லேஷன்தான். நைவு என்பது பொதுவான சொல். 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட உருண்டையானால் கணு எனலாம். சதை எடுத்துப் பார்க்கும் வரை பெரியவர் சொன்ன நிழலே எனக்குப் போதும்.

கடிதத்தின் பின்புறம் 'வழிசெலுத்து மூச்சுக்கிளை நோக்கல்' என்று பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அது மருத்துவருக்குத் தெரியட்டும் என்று, மலாயில் கீழே ஒரு வரி சேர்த்தேன்.